சுக்கான் திட்டில் ஓர் ஊர்

வீரமுத்துவும் அவன் தம்பியும் எங்கே என்று யார் கேட்டாலும் ராணியம்மாள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "பங்காளி வூட்டு விசேஷம். போயிருக்காங்க." விசேஷத்துக்குப் போகிற புருஷன் யூரியா சாக்கில் தைத்த படுதாவையும் அரிசி மூட்டையையும் தூக்கிக்கொண்டு அணைப் பக்கமாகவா போவான் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்க அவசியமும் இல்லை. வடபாதி ஊரில் கண் தெரிந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அணைத் தண்ணீருக்கு நடுவில், சுக்கான் திட்டிலிருந்து காலையும் மாலையும் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அடுப்புப் புகை விட்டுக்கொண்டு தலைமறைவாக இருந்தவர்கள் அந்தச் சீமையில் இவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். போலீசுக்கும் தெரியும், ஆனால் அவர்களுக்கு நீச்சல் தெரியாது என்பது ராணியம்மாளின் கணிப்பு.

எண்பத்தேழாம் வருடத்துப் புரட்டாசி அது. இட ஒதுக்கீடு கேட்டுச் சங்கம் அறிவித்த சாலை மறியலில் கள்ளக்குறிச்சிப் பக்கம் பஸ் லாரி எதுவும் ஓடவில்லை. கேட்டதில் தப்பொன்றும் இல்லை. வடபாதியில் பத்தாவது பாஸ் செய்த ஒரே ஆள் வீரமுத்துவின் தம்பி அய்யப்பன். டைப்ரைட்டிங் லோயரும் முடித்து, எம்ப்ளாய்மெண்டு ஆபீசில் பதிந்து, பதிந்ததைப் புதுப்பிப்பதையே உத்தியோகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊர் நியாயம் பேசியதெல்லாம் அவனைக் காட்டித்தான். "இவனுக்கே வேல இல்லன்னா நம்ம புள்ளைங்க எதுக்கு இஸ்கூலுக்குப் போவணும்?" என்று அடுத்த வீட்டு ஆதிமூலம் கேட்பார். ஆதிமூலம் சங்கத்தின் கிளைப் பொறுப்பாளர். தோளில் போட்ட துண்டு நழுவாமல் ஒரு மணி நேரம் பேசக்கூடியவர். ரோட்டோரப் புளிய மரத்தை வெட்டிச் சாய்த்த அன்றைக்கும் அந்தத் துண்டு நழுவவில்லை, அவர் கோடாலியைத் தொடாததால்.

கோடாலியைத் தொட்டது அய்யப்பன். வேண்டாமென்றுதான் வீரமுத்து சொன்னான். அப்பா செத்த பிறகு அந்தத் தம்பியைக் களைக்கொத்துகூடப் பிடிக்கவிடாமல் வளர்த்தவன் அவன். ஆதிமூலம்தான், "படிச்ச புள்ளடா, பேனா புடிச்ச கை. நீ ஓரமா நின்னு கோஷம் போடு" என்று சிரித்தார். பத்துப் பேர் எதிரே அப்படிச் சொன்னால் கலியாணமாகி ஆறு மாதமான பிள்ளை சும்மா நிற்குமா? கோடாலியைப் பிடுங்கி ஓங்கினான். அது மரத்தில் வழுக்கி, இடது பாதத்தில் இறங்கியது.

வெட்டு பெரியதில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு அவனே நடந்துதான் வந்தான். ஆனால் மறியல் முடிந்தும் போலீஸ் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவது முடியவில்லை. பக்கத்து ஊரில் கையில் கட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவனை அங்கிருந்தே வேனில் ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. யார் பார்த்தது, யார் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாத செய்திக்குத்தானே கால் ஜாஸ்தி.

"கோடாலி வெட்டு மச்சான்," என்றார் ஆதிமூலம். "இத எந்த டாக்டர் பாத்தாலும் தெரியும். கேசு ஒன்னு வுழுந்துச்சுன்னா புள்ளைக்கு கவர்மெண்டு வேல ஆயுசுக்கும் கெடையாது. எதுக்காவ இம்மாம் பாடுபட்டோம்?"

அந்த ஒரு பேச்சில் வீரமுத்து விழுந்துவிட்டான். பயத்தில் விழவில்லை, ஆசையில் விழுந்தான். தம்பி பேண்டு போட்டு, சைக்கிளில் டிபன் பாக்ஸ் மாட்டி ஆபீசுக்குப் போவதை மனசுக்குள் எத்தனை வருஷமாகப் பார்த்துவருகிறவன். போலீஸ் ஓய்கிறவரை திட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று முடிவாயிற்று. பேச்சுக்குக் குறைவிருக்கக் கூடாதென்று ஆதிமூலமும் கூட வந்தார். அவர் பேர்தான் போலீசில் முதல் பேர் என்பதை அவர் சொல்லவில்லை. ஊர் சொன்னது.

அந்த அணையில் இருந்ததே ஒரு பரிசல். அது காலனி ராசுவுடையது. மூங்கில் பின்னி, எருமைத் தோல் போர்த்திய பரிசல். ராசு அதில் வலை போட்டுப் பிழைத்தான். அவன் குடிசைக்குப் போகிற பாதை வீரமுத்துவின் வரப்பு மேலேதான் போகிறது என்பதால், ஏற்றச் சொன்னால் ஏற்றிக்கொள்வான், கூடவே இருக்கச் சொன்னால் இருப்பான். வீரமுத்துவைவிடப் பத்து வயசாவது மூத்தவன். ஆனாலும் ஊரில் பால் குடிக்கிற பிள்ளை முதல் எல்லாருக்கும் அவன் 'டா'தான்.

பரிசலில் நாலு பேரும் முட்டி உரசத்தான் உட்கார்ந்து போனார்கள். தண்ணீர் மேல் தீட்டு கிடையாது போலிருக்கிறது. தரை தட்டியதும் வந்துவிட்டது.

திட்டு என்றால் ஒரு களத்துமேட்டை விடக் கொஞ்சம் பெரிசு. முழுக்க வெளுத்த சுக்கான் பாறை. நடுவே நாலு வேலமரம். மேற்கே மலையைப் பார்த்த பக்கம் மேடு, கிழக்கே மதகைப் பார்த்த பக்கம் தாழ்வு. அதைப் போலவே இன்னும் இரண்டு திட்டுகள் தள்ளித் தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. ஆதிமூலம் இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு ஊரைப் பிரித்தார்.

"படுதாவ இங்க மேட்டுல கட்டு மச்சான். டேய் ராசு, நீ அந்தாண்ட கெழக்கால இரு. பரிசலையும் உன் பக்கமே இஸ்துக்கோ."

"இங்கியே ஓரமா கட்டிக்கறனேங்க. அங்க தாவு, தண்ணி ஏறும்."

"நம்மூர்ல காலனி எந்தப் பக்கம்டா கீது?"

"கெழக்காலதாங்க."

"அப்பறம் இன்னா?"

ராசு சிரித்துக்கொண்டே பரிசலை இழுத்துப்போனான். வீரமுத்துவும் சிரித்தான். நாலு ஆள் இருக்கிற பாறையில் காலனி என்ன, ஊர் என்ன என்று அவனுக்கும் தோன்றத்தான் செய்தது. தோன்றுகிறதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் அவனுக்கில்லை.

முதலில் எல்லாம் பண்டிகை மாதிரிதான் இருந்தது. ராசு கெண்டை பிடித்துக் கொடுப்பான். பச்சை மீனாக அவன் கையிலிருந்து வாங்கலாம். அதே மீனை அவன் அடுப்பில் வைத்துக் கொடுத்தால் வாங்கக் கூடாது. ஆதிமூலம் குழம்பு வைத்தார். புளி தூக்கல் என்று அய்யப்பன் கிண்டல் செய்தான். "ரோட்ல சாச்ச மரத்துப் புளி ஃபுல்லா இதுலதான் கீது போல!" ராசுவின் பங்கைக் கரையிலிருந்து கொண்டுவந்த பூவரச இலை ஒன்றில் பாதி வழியில் வைத்துவிட்டு வருவார்கள். அவன் வந்து எடுத்துக்கொள்வான். கரையில் ராணியம்மாள் துணி துவைக்கிற சாக்கில் வந்து நிற்பதும், இவர்கள் கையாட்டுவதுமாக, பார்க்கிறவர்களுக்கு ஏதோ பட்டணத்துக்காரர்கள் உல்லாசமாக வந்து கூடாரம் போட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

காலில் மட்டும் உல்லாசமில்லை. வெட்டைச் சுற்றித் தடித்துச் சிவந்தது. ஆதிமூலம் சுக்கான் கல்லைத் தீயில் நீற்றிச் சுண்ணாம்பாக்கி, மஞ்சளோடு குழைத்து அப்பினார். மேலே காய்ந்து ஓடு மாதிரி மூடிக்கொண்டது. "பாத்தியா, மூடிக்கிச்சு" என்றார். உள்ளே என்ன மூடிக்கொண்டிருந்தது என்பது யாருக்குத் தெரியும்.

ஒரு நாள் சாயங்காலம் அய்யப்பன் சோற்றை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"இன்னாடா, துன்னு."

"வாய் தொறக்க வரலண்ணா."

"குழம்பு அவ்ளோ மோசமா?" என்றார் ஆதிமூலம்.

அய்யப்பன் சிரிக்கப் பார்த்தான். உதடு மட்டும் இழுபட்டு, பல் கிட்டித்து நின்றது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வீரமுத்து தன் இலையைத் தள்ளிவைத்தான். அவனுடைய மாடு ஒன்று லாடம் குத்தி இப்படித்தான் தாடை கிட்டிச் செத்தது. மாட்டையும் தம்பியையும் ஒன்றாக நினைத்ததற்காக மனசுக்குள் தன்னையே அடித்துக்கொண்டான்.

பாதி வழிக்கு இலை எடுக்க வந்த ராசு நின்று பார்த்தான். "இட்டுக்கினு போயிடலாங்க. இப்பவே போனா இருட்றதுக்குள்ள கரை. கள்ளக்குறிச்சில ஊசி போடுவாங்க."

"ஊசி போட்டுட்டு வெலங்கும் போடுவான்," என்றார் ஆதிமூலம். "குளுர்ல தாட புடிச்சிக்கினு கீது. நீ எலைய எட்த்துக்கினு போடா."

"அண்ணா," என்றான் அய்யப்பன், பல்லுக்கிடையிலிருந்து. "வேல போனா போவுதுண்ணா."

அந்தச் சொல்லுக்குப் பிறகாவது வீரமுத்து எழுந்திருக்க வேண்டும். எழுந்தான் என்றும் சொல்லலாம்; பாதி எழுந்தான். கரையைப் பார்த்தான். அணைமேட்டில் காக்கி நிறத்தில் எதுவோ நிற்பதுபோலிருந்தது. ஆடு மேய்க்கிறவன் போர்த்திய கோணியாகவும் இருக்கலாம். உட்கார்ந்துவிட்டான். "காத்தால மொத வேல, இட்டுக்கினு போறோம். கேசு வந்தா வரட்டும்," என்றான். காலை என்று ஒன்று கைவசம் இருப்பவனைப்போல.

அதுவரைக்கும் சும்மா இருக்க ஆதிமூலத்தால் முடியவில்லை. மேட்டின் மேற்கு ஓரத்தில், தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே மூன்று கற்களை நட்டார். மஞ்சளைப் பூசினார். மாரியம்மன். "ஆத்தா, புள்ள எழுந்து நடந்தா மலையேறி வெள்ளிமலைலேந்து சாமையும் தேனும் வாங்கியாந்து படையல் போடறோம்" என்று வேண்டிக்கொண்டார். நடிப்பில்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. இந்த மனுஷனிடம் அதுதான் சங்கடம், எல்லாவற்றையும் நிஜமாகவே செய்வார்.

அந்த நேரம் பார்த்து ராசு பரிசலைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு மேட்டேறி வந்தான்.

"எங்கடா வர்ற?"

"மலை கறுத்துக்கினு வருதுங்க. மேல பேஞ்சா எம்பக்கம் மொதல்ல முழுவிடும். பரிசல இப்பிடி மேல கட்டி வச்சிட்டா காத்தால சுளுவா—"

"தோலுடா அது! எருமத் தோலு! அம்மன நட்டு வச்சிருக்குது, தோலத் தலமேல தூக்கிக்கினு வர்றான். புள்ளைக்கு எதுனா ஆவணும்னே வர்றியா?"

ராசு பரிசலை இறக்காமல் வீரமுத்துவைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க."

வீரமுத்துவுக்கு ராசு சொல்வது புரிந்தது. மலைப்பக்கம் பார்த்தான். வானம் அடுப்படிச் சுவர் மாதிரி இருந்தது. ஆனால் தம்பிக்காக நட்ட கல். இன்றைக்குப் பார்த்து அம்மனைக் கோபப்படுத்தி, ஏதாவது ஆகிவிட்டால் ஆயுசுக்கும் அதை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்று கற்களையும் ஒரு பரிசலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒரு ராவுதானேடா ராசு," என்றான். "அங்கியே இருக்கட்டும்."

ராசு வந்த வழியே திரும்பினான். 'ங்க' போட்டு ஒரு வார்த்தை வரும் என்று வீரமுத்து காத்திருந்தான். வரவில்லை.

திட்டில் ஒரு சொட்டு மழை இல்லை. எல்லாம் மலையிலேயே பெய்து தீர்ந்தது. விடிகிற நேரத்தில் வீரமுத்து கண்விழித்தபோது திட்டு பாதியாகியிருந்தது. காலனி இருந்த இடத்தில் செந்நிறத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போயிற்று. அய்யப்பன் வில்லாக வளைந்து, குதிகாலும் பின்மண்டையும் மட்டும் தரையில் படக் கிடந்தான். கண் மட்டும் அண்ணனைத் தேடியது.

ராசு பரிசலுக்குள் இருந்தான். ஒற்றைத் துடுப்பால் வெள்ளத்தை எதிர்த்துத் திட்டைச் சுற்றி மேற்கே வந்துவிட்டான். எப்படி வந்தானோ. ஒதுங்குகிற மாதிரி இடம் ஒன்றுதான் மிச்சமிருந்தது. அந்தக் கற்கள் நட்ட இடம்.

"கவுறு வீசறேன், புடிங்க!"

ஆதிமூலம்தான் கிட்டே நின்றார். தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி, இரண்டு கையையும் நீட்டினார். நீட்டிய கை கயிற்றைப் பிடித்திருக்கலாம். தோல் பரிசலின் விளிம்பு மஞ்சள் பூசிய கல்லை நோக்கி வருவதைக் கண்டதும் அதே கை, அவர் சொல்லாமலே, தடுக்கிற கையாக மாறிவிட்டது. "அங்கியே நில்லு! அம்மன் மேல ஏத்தாதடா!"

ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். கயிறு அவர் மார்பில் பட்டுத் தண்ணீரில் விழுந்தது. "வாடா! ஏறி வாடா ராசு!" என்று வீரமுத்து கத்திக்கொண்டே பாய்ந்தான். அதற்குள் பரிசல் பம்பரம்போல் சுற்றிக்கொண்டு திட்டை விட்டுப் போய்விட்டது. துடுப்பு ஒருமுறை மேலே தெரிந்தது. பிறகு வெறும் தண்ணீர். சற்று நேரத்தில் கற்களும் முழுகின. அம்மனுக்கு ஒதுங்கிக்கொள்ளத் தெரிந்திருந்தது.

அன்றைக்கெல்லாம் வீரமுத்து வேட்டியை அவிழ்த்துக் கொம்பில் கட்டி ஆட்டினான். கரையில் ஜனம் கூடியது. ராணியம்மாள் மாரில் அடித்துக்கொள்வது இங்கேயிருந்தே தெரிந்தது. நிற்கத்தான் முடிந்தது அவர்களால். இன்னொரு பரிசல் எங்கே இருக்கிறது? சிறு சத்தம் கேட்டாலும் அய்யப்பன் உடம்பு முறுக்கிக்கொண்டது. வேலமரத்தில் காகம் கத்தினாலும் முறுக்கியது. வீரமுத்து கல்லெறிந்து காக்கைகளை ஓட்டினான், பிறகு கல் விழுகிற சத்தத்துக்கும் முறுக்குகிறது என்று கண்டு நிறுத்தினான்.

"உள்ளங்கையத் தடவு மச்சான்," என்றார் ஆதிமூலம்.

"வாய மூட்றியா நீ," என்றான் வீரமுத்து. வாழ்க்கையில் முதல்தரம் தோன்றியதைத் தோன்றியபோதே சொன்னான். ஆதிமூலம் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மலைமேல் வெயில் சாய்கிறபோது அய்யப்பன் உடம்பு தளர்ந்தது. தூங்குகிறான் என்று வீரமுத்து வெகுநேரம் நம்பினான். நம்புவதில் அவனுக்கு நல்ல பழக்கம்.

ராசு அதற்குப் பிறகுதான் வந்தான். வெள்ளம் அவனைத் தெற்குக் கரையில் முள்ளுக்குள் கொண்டுபோய்ச் செருகியிருந்தது. மேலெல்லாம் கீறல். கிழிந்த தோலில் சாக்கை வைத்துத் தைத்து, நீர் இறங்கும்வரை பார்த்திருந்து வந்திருந்தான். நேராக மேட்டில் கொண்டுவந்து ஏற்றினான். யாரும் தடுக்கவில்லை. இறங்கி வந்து அய்யப்பனைக் குனிந்து பார்த்தான். திறந்திருந்த கண்ணை அவனே மூடினான்.

"தூக்குங்க," என்றான்.

கரையில் வைத்து ஊர் அழுது முடிக்கவில்லை, அதற்குள் பெரியவர்கள் அடுத்த காரியத்துக்கு வந்துவிட்டார்கள். அய்யப்பன் பெண்டாட்டி அம்சவள்ளி மறியலுக்கு முந்தி ரிஷிவந்தியத்தில் பிறந்த வீட்டுக்குப் போனவள். பஸ் நின்றதில் அங்கேயே மாட்டிக்கொண்டாள். அவளுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். வடபாதியில் சாவு சேதி கொண்டுபோவது எப்போதும் காலனி ஆள்தான். ஆதிமூலம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ராசு, நீதான்டா போவணும். சைக்கிள் தரச்சொல்றேன்."

ராசு பரிசலைக் கவிழ்த்துத் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"நான் போவல."

"இன்னாடா சொன்ன?"

"நேத்து நான் ஒரு சேதி சொன்னேன். யாரும் கேக்கல. இந்த சேதிய நீங்களே சொல்லிக்கங்க." பிறகு வீரமுத்துவைப் பார்த்தான். "வரப்புல வழி வுடமாட்டன்னா வுடாத. நான் தண்ணியில போய்க்கறேன்."

ஆதிமூலம் கையை ஓங்கினார். வீரமுத்து குறுக்கே வந்து அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான். "நான் போறேன்," என்றான்.

கிழக்கு வெளுக்கக் கிளம்பினான். ரோட்டில் இன்னும் பாதி மரங்கள் கிடந்தன. ஒவ்வொரு மரத்துக்கும் சைக்கிளைத் தோளில் தூக்கி ஏறி இறங்கினான். வழியெல்லாம் ஒரு பொய் தேடினான். பாம்பு கடித்தது என்று சொல்லலாம். காய்ச்சல் என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் அவள் அடுத்ததாகக் கேட்கப்போவது ஒன்றுதான்: ஆஸ்பத்திரிக்கு ஏன் இட்டுக்கினு போகல?

ரிஷிவந்தியத்தில் அம்சவள்ளியின் அப்பா பிச்சைமுத்து வாசலில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். முழங்கை வரை தவிடு.

"அடடே, வாங்க மாப்ள! பஸ் வுட்டானா? அம்சா, யாரு வந்துக்கறாங்க பாரு!"

அம்சவள்ளி ஓடி வந்தாள். அண்ணனுக்குப் பின்னால் தம்பியைத் தேடி எட்டிப் பார்த்தாள். தெரு காலியாக இருந்தது. அதனால் ஒன்றுமில்லை என்பதுபோல் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீரோடு வந்தாள். "வாங்க மாமா. அவரு வரலியா? இன்னும் கோஷம் போட்டுக்கினு கீறாரா?"

வீரமுத்து அந்த வீட்டுப் படியை ஏறவில்லை. சைக்கிளைச் சாய்த்தான். செருப்பைக் கழற்றினான். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். சாக்கடைக்கு இந்தப் பக்கம், தெரு நடுவில், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் யோசித்துச் செய்யவில்லை. அவன் வீட்டுக்கு எதிரே எத்தனையோ முறை காலனி ஆட்கள் சாவு சேதியோடு வந்து அப்படித்தான் நின்றிருக்கிறார்கள். வேறெப்படி நின்று அதைச் சொல்வது என்று அவனுக்குத் தெரியாது.

"இன்னா மாமா, ஏன் அங்கியே நிக்கறீங்க? உள்ள வாங்க." அவள் செம்பை நீட்டியபடி படியிறங்கினாள்.

பிச்சைமுத்து செருப்பைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். கையிலிருந்து தவிடு சொட்டிக்கொண்டிருந்தது.

"அம்சா," என்றார். "தண்ணியக் கீழ வையி."